மேல சொல்லிட்டாங்க

தான் உண்டாக்கிய ஒருவரின் சொல்லுக்குத் தானே கட்டுப்பட முடியுமா? தத்துவம் படித்தவர்கள் இதை வெவ்வேறு சொற்களில் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். பதில் சொன்னவர்களைவிடக் கேள்வியை நீட்டியவர்களே அதிகம். மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் ஒரு சலவை ஆலையில், மாடிக்கும் கீழுக்கும் செய்தி கொண்டுபோகிற வேலையில் இருந்த ஒரு பெண்மணியின் வாழ்க்கையும் இதைத்தான் கேட்டது. அவரிடமே யாராவது கேட்டிருந்தால் "வேலையப் பாருங்க" என்றிருப்பார்.

ஆலையில் அவருக்குத் தந்தி என்று பேர். முதலாளிகள் மாடியில், எந்திரங்கள் கீழே, நடுவில் ஓர் இரும்புப் படிக்கட்டு. மேலே சொல்வதைக் கீழே சொல்வதும், கீழே முணுமுணுப்பதை மேலே சொல்லாமல் இருப்பதும் அவர் வேலை. இரண்டாவதுதான் கஷ்டம் என்பார். ஆள் குட்டை, குரல் பெரியது. துவைக்கும் எந்திரங்களின் இரைச்சலையும் தாண்டிக் கேட்கும். "தந்தி வருது" என்று ஒருவர் சொன்னால் போதும், சும்மா நின்றவர்கள் ஏதாவது செய்யத் தொடங்குவார்கள். ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் பதறிப்போய் அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தொடங்குவார்கள்.

முதலாளிகள் நான்கு பேர்: மூன்று அண்ணன் தம்பிகள், ஒரு தங்கை. ஆலையை உண்டாக்கியவர் அவர்களுடைய அப்பா. அவருக்குக் கண் மங்கியதும் பிள்ளைகள் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மாடியின் கடைசி அறையில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு மணியும் வைத்தார்கள். அவர் மணி அடிக்கும்போதெல்லாம் மற்றவர் போவார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்கள். ஒரு நாள் மணி அடிக்கவில்லை. அதன் பிறகு அந்த அறையைப் பூட்டினார்கள். சாவியை எங்கே வைத்தோம் என்பதை நால்வரும் மறந்துவிட்டார்கள், அப்படித்தான் சொன்னார்கள்.

அப்பா ஒற்றை ஆளாகப் பார்த்த வேலையைப் பிள்ளைகள் நாலாகப் பிரித்துக்கொண்டார்கள். மூத்தவருக்குத் தண்ணீர். எதையாவது இரண்டாம் முறை அலசினால் அவருக்கு நெஞ்சை அடைக்கும். அடுத்தவருக்கு பாய்லர். கீழே அவரை ஆவி முதலாளி என்றார்கள். அந்த ஆலையில் ஆவி என்றால் நீராவிதான், அதை வீணாக்குவதைவிடப் பெரிய பாவம் எதையும் அவர் அறிந்ததில்லை. மூன்றாமவர் வெண்மைக்குப் பொறுப்பு, ஆகவே சோப்பு முதலாளி. தங்கை வண்டி அம்மா. விரிப்புகள் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மற்றதெல்லாம் அவருக்கு வதந்தி.

பல முதலாளிகள் இருப்பதில் தொழிலாளிகளுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. ஒருவர் திட்டினால் இன்னொருவரிடம் போகலாம். ஒவ்வொருவரையும் குளிரவைக்க ஒரு வழி உண்டு. சோப்பு முதலாளி முன்னால் ஒரு தலையணை உறையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு "கண்ணு கூசுதுய்யா" என்றால் போதும். ஆவி முதலாளியிடம் மற்ற மூவரையும் குறை சொல்ல வேண்டும். வண்டி அம்மா முன்னால் மூச்சு வாங்க ஓடிவந்து நிற்க வேண்டும். எங்கிருந்து ஓடிவந்தாய் என்று அவர் கேட்பதில்லை. பாய்லர்காரர் இந்த வித்தையில் கைதேர்ந்தவர். "நாலு பேர் இருந்தா நாலு சந்து இருக்கும். ஒருத்தரே இருந்தா மாட்டிக்குவோம்" என்பது அவர் சித்தாந்தம்.

தொல்லை ரோலரில் இருந்தது. அது சூடேறிய பெரிய உருளை. இந்தப் பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால் அந்தப் பக்கம் காய்ந்து, கசங்கல் இல்லாமல் வரும். சில சமயம் விரிப்பு உருளையோடு சுருண்டுகொள்ளும். அப்போது கொடுக்கிற பக்கம் நிற்பவர், ஓடுகிற உருளையில் கைவிட்டு அதை இழுக்க வேண்டும். நிறுத்திவிட்டும் இழுக்கலாம். ஆனால் நிறுத்தினால் அடியில் மாட்டிய துணியில் பழுப்புக் கோடு விழும். சோப்பு முதலாளி வருவார். கோடு விழாமலிருக்க ஆவியை வெளியே விட்டால் ஆவி முதலாளி வருவார். கோடு விழுந்ததை மறுபடி துவைத்தால் தண்ணி முதலாளி. இதில் எதைச் செய்தாலும் நேரமாகும், வண்டி அம்மா. நால்வரில் யாரும் விரலைக் கொடு என்று கேட்டதில்லை. அவரவர் பங்கை அவரவர் கேட்டார்கள். மிச்சம் இருந்தது விரல்தான்.

கொடுக்கிற பக்கம் நின்றவள் தந்தியின் நாத்தனார். கணவரின் தங்கை, ஒரே வீட்டில் இருப்பவள், வாய் கொஞ்சம் நீளம். முன்பே ஒரு முறை சுட்டு, ஒரு விரலில் நகம் முளைப்பதை நிறுத்தியிருந்தது. மறுபடியும் ஒரு நாள் கை உள்ளே போய்வந்தது. அடுத்த நாள் காலை சீப்பைப் பிடிக்க முடியாமல் அதை அண்ணியிடம் நீட்டினாள். தந்தி தலை வாரிவிட்டார்.

"முகத்தத் தூக்கி வெச்சுக்காதீங்க அண்ணி. இன்னும் எட்டு இருக்கு" என்றாள் நாத்தனார்.

அன்று தந்தி மாடிக்குப் போய் நாலு அறையிலும் ஒரே கேள்வியைக் கேட்டார்: விரிப்பு சுருண்டால் என்ன செய்வது? நாலு பதில்கள் கிடைத்தன. அவற்றைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தவர் கடைசிப் படியில் நின்றார். எல்லோரும் பார்த்தார்கள்.

"விரிப்பு சுருண்டா ரோலர நிறுத்தணுமாம். நிறுத்தாம யாரும் கை வைக்கக் கூடாதாம். மேல சொல்லிட்டாங்க."

"யாரு அக்கா சொன்னாங்க?" என்றார் பாய்லர்காரர்.

"மேல."

"மேலன்னா எந்த மேல?"

"நம்ம ஆலைக்கு எத்தன மாடி இருக்கு? மேலன்னா மேலதான்."

ஒரு பேரைச் சொல்லியிருந்தால் பாய்லர்காரர் சாயங்காலத்துக்குள் வேறொரு சந்தில் நுழைந்திருப்பார். பேர் இல்லாததால் எந்தப் பக்கம் போவதென்று அவருக்குத் தெரியவில்லை. நம் பேச்சில் ஒருவருக்கு மரியாதை கொடுத்தால் அவர் பலராகிவிடுவார்: அப்பா வந்தாங்க, டாக்டர் சொன்னாங்க. ஆகவே "சொல்லிட்டாங்க" என்பதற்குள் நாலு பேரும் இருக்கலாம், ஒரே ஒரு பெரியவரும் இருக்கலாம். தந்தி நாலு பேரையும் மறைக்கத்தான் அந்தச் சொல்லைப் போட்டார். கீழே நின்றவர்கள் காதில் அது ஒருவராக விழுந்தது. பெரிய நம்பிக்கைகள் மலை உச்சியில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை; ஒரு வினைமுற்றிலும் தொடங்கலாம்.

ரோலர் நின்றது. ஓடாத உருளையிலிருந்து நாத்தனார் துணியை எடுத்தாள். மாடியில் நால்வரும், மற்ற மூவரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். கேட்கவில்லை. கேட்டால் தனக்குத் தெரியாமல் ஒன்று நடந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அந்த ஒருவர் மெல்ல வளர்ந்தார். ரோலருக்கு நேர் மேலேதான் பூட்டிய அறை. அங்கே தரைக்கு அடியில் ஒரு தண்ணீர்க் குழாய் போகிறது. கீழே வால்வை மூடும்போதெல்லாம் டொக் என்று ஒலிக்கும். ஆலை திறந்த நாளிலிருந்து ஒலிப்பதுதான். இப்போது பாய்லர்காரர் அண்ணாந்து பார்த்து "நடக்கறாங்க" என்றார். குழாயைப் பொருத்தியவரே அவர்தான் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. அவர் பாய்லர் அறையில் தூங்குவதை விட்டார். திட்டுகிறவர்கள் நாலு பேர் இருந்தபோது தூங்கியவர், திட்டாத ஒருவருக்காக விழித்திருந்தார்.

பிறகு கட்சி பிரிந்தது. ரோலரை நிறுத்திய பின், உருளை ஓய்ந்து நிற்கும்வரை கையை எங்கே வைத்துக்கொள்வது? கை வைக்கக் கூடாது என்றால் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வதுதான் மரியாதை என்று ஒரு சாரார். மார்புக்குக் குறுக்கே கட்டினாலே போதும், பின்னால் கட்டுவது ஒளிப்பது போலிருக்கிறது என்று இன்னொரு சாரார். இரண்டு சாராரும் சேர்ந்து டீ குடிப்பதை நிறுத்தினார்கள். தந்தியிடம் கேட்டபோது, "அதப் பத்தி மேல ஒண்ணும் சொல்லல" என்றார். தங்களைக் கண்டிக்கவில்லை என்று இரு பக்கத்தாரும் சந்தோஷப்பட்டார்கள்.

தந்தியே கொஞ்சம் மிரண்டுதான் போனார். வீட்டில் ஒரு சோதனை செய்தார். கணவர் பேருந்து இருக்கைகளுக்கு மெத்தை தைப்பவர். பஞ்சைக் கூடத்தில் கொட்டிவைப்பார். "இந்தப் பஞ்ச எடுத்து உள்ள வைக்கணுமாம், மேல சொல்லிட்டாங்க" என்று சொல்லிப் பார்த்தார்.

கணவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நமக்கு மேல மொட்டை மாடி. அங்க ஒரு தண்ணித் தொட்டி. அது சொல்லுச்சா?"

ஆக, எல்லா 'மேல'யும் ஒரே 'மேல' அல்ல.

வண்டி அம்மாவின் கணவர் கல்லூரியில் உளவியல் நடத்தினார். ஆலையில் அவர் மாப்பிள்ளை சார். மாமனார் போன பிறகும் அந்தப் பதவி போகவில்லை. பல கடவுள்கள் குடியிருந்த மனித மனத்தில் ஒரே கடவுள் எப்படி வந்து உட்கார்ந்தார் என்று அவர் வெகுகாலமாக ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். "மேல சொன்னாங்கன்னு கீழ ரோலர நிறுத்தறாங்க. அண்ணன்கள்ல யாரு சொன்னதுன்னு தெரியல, நான் போய்க் கேட்கவும் மாட்டேன்" என்று மனைவி வீட்டில் சலித்துக்கொண்டபோது, அவர் கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்றார். ஒரே கடவுள் பிறந்த பழைய பாலைவனங்களில் எல்லாம் அவர் தேடியது மாமனாரின் ஆலையிலேயே இருந்திருக்கிறது.

மறுநாளே ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு ரோலர் பக்கம் வந்துவிட்டார்.

"அவங்க எப்படி இருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?" என்று பாய்லர்காரரைக் கேட்டார்.

"பார்த்ததில்ல சார்."

"சும்மா ஒரு கற்பனையாச் சொல்லுங்க."

"நம்ம நாலு முதலாளி மாதிரி இருக்க மாட்டாங்க."

"அது எப்படி உறுதியாச் சொல்றீங்க?"

"சொன்ன சொல்ல இன்னும் மாத்தலையே."

நாத்தனாரிடம், "உங்களுக்கு அப்பா இருக்காரா?" என்றார்.

"சின்ன வயசுலயே போயிட்டார்."

மாப்பிள்ளை சாரின் முகம் மலர்ந்தது.

"எங்கப்பா செத்ததுல உங்களுக்கு என்ன சார் அவ்வளவு சந்தோஷம்?" என்றாள் நாத்தனார்.

தந்தியிடம் மட்டும் அவர் தன் கொள்கைகளை விரித்தார். குழந்தைக்கு ஓர் அப்பா தேவைப்படுகிறார், வளர்ந்த பிறகும் அந்தத் தேவை போவதில்லை, ஆகவே வானத்தில் ஒருவரை வைத்துக்கொள்கிறது. மூளை ஒரு சத்தத்தைக் கேட்டால் சத்தம் போட்டவரைத் தேடும். காட்டில் வாழ்ந்த காலத்துப் பழக்கம். கூட்டம் பெருத்துவிட்டால் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு கண் வேண்டும், அதற்குக் கூலி கொடுக்க வேண்டியிராவிட்டால் இன்னும் நல்லது. நாலாவதைச் சொல்லும்முன் படிக்கட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்பாவ ஒதுக்கிட்ட பிள்ளைங்க, அந்தக் குத்த உணர்ச்சியில அவரையே ஒரு சட்டமா ஆக்கிக் கும்பிடுவாங்க. உசுரோட இருந்தப்போ கேக்காத சொல்ல, போன பிறகு கேப்பாங்க."

"எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு" என்றார் தந்தி. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க. துணி வருது."

எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அதுதான் அவற்றின் குறை. ஒரு பூட்டை நாலு சாவியும் திறக்கிறது என்றால் சாவிகளைப் பாராட்டுவதைவிடப் பூட்டைச் சந்தேகப்படுவது நல்லது. ஆனால் மாப்பிள்ளை சார் விஷயத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: அவர் தன்னை ஆராய்ச்சிக்கு வெளியே நிறுத்திக்கொள்ளவில்லை. ஒரு வாரம் கழித்து, யாரும் பக்கத்தில் இல்லாதபோது தந்தியிடம் வந்தார்.

"என் புத்தகத்தப் பத்தி மேல ஏதாவது பேசிக்கிட்டாங்களா?"

பழுப்புக் கோடு விழுந்த விரிப்புகளை ஒரு விடுதி மூட்டையாகக் கட்டித் திருப்பி அனுப்பியபோதுதான் இது வெடித்தது. அப்பாவின் சாவுக்குப் பிறகு முதல் தடவையாக நால்வரும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். "நான் சொல்லல" என்றார் ஒருவர். மற்ற மூவரும் அதையே சொன்னார்கள். நாலு பேரும் உண்மை பேசிய நாள் அந்தக் குடும்பத்தில் அதிகம் இல்லை. அதனாலேயே யாரும் யாரையும் நம்பவில்லை. மறுநாள் காலை எல்லோரையும் ரோலர் முன்னால் கூட்டுவது, யார் சொன்னதென்று தந்தி பேரைச் சொல்ல வேண்டியது என்று முடிவானது. யாரும் சொல்லவில்லை என்றால் அந்த உத்தரவும் இல்லை, தந்தியும் இல்லை.

சாயங்காலம் மூத்தவர் தந்தியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இங்க பாரும்மா. நாளைக்கு ஒருத்தர் பேரச் சொன்னா மத்த மூணு பேர் விட மாட்டாங்க. யாரும் இல்லன்னா ரோலர் பழையபடி ஓடும். உன் நாத்தனார்தானே அங்க நிக்குது?"

"ஆமாங்கய்யா."

"அப்பா சொன்னதாச் சொல்லிடு." அவர் மேசைக் கண்ணாடியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார். "போறதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுப் போனாருன்னு சொல்லு. நாங்க நாலு பேரும் வாயத் திறக்க மாட்டோம். உன் வேலைக்கும் ஒண்ணும் ஆகாது."

தந்தி கதவுப் பக்கம் திரும்பினார்.

"நீ அவர் அறைக்குப் போவ, இல்ல?"

"மணி அடிச்சா, சில சமயம் போவேன்."

"ஏதாவது சொன்னாரா?"

"தண்ணி கேட்டாருங்கய்யா."

தண்ணி முதலாளி மறுபடியும் மேசைக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

காலையில் எந்திரங்களை நிறுத்திவிட்டுக் கூடினார்கள். நால்வரும் படிக்கட்டில் ஆளுக்கொரு படியில் நின்றார்கள். யார் மேல் படியில் நிற்பதென்பதில் சற்று இழுபறி இருந்தது. மாப்பிள்ளை சார் முக்காலியோடு வந்திருந்தார். நாத்தனார் தன் இடத்தில், ரோலருக்குப் பக்கத்தில் நின்றாள். விரலில் போட்ட கட்டைப் பிரித்திருந்தார்கள், புதுத் தோல் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது.

"யார் சொன்னது? தயங்காமச் சொல்லு" என்றார் மூத்தவர். எந்தப் பதிலைச் சொல்ல வேண்டும் என்பது அவர் குரலிலேயே இருந்தது.

ஒரு பொய், அதுவும் முதலாளியே எடுத்துக் கொடுத்த பொய். சொன்னால் நாத்தனாரின் விரல்களுக்குக் காவல், தன் வேலைக்குக் காவல். இதைவிட மலிவாக ஒரு பொய் யாருக்கும் கிடைக்காது.

"நான்தான் சொன்னேன்" என்றார் தந்தி. "மேல யாரும் சொல்லல."

பாய்லர்காரர் சிரித்தார். "அக்கா, மிரட்டினாங்களா?"

"யாரும் மிரட்டல. நானா யோசிச்சுச் சொன்னதுதான்."

"யாரக் காப்பாத்தப் பார்க்கிற?" என்று ஆவி முதலாளி சோப்பு முதலாளியைப் பார்த்துக்கொண்டே தந்தியைக் கேட்டார். சோப்பு முதலாளி தங்கையைப் பார்த்தார். மூத்தவர் தரையைப் பார்த்தார்.

"மேல யாரும் இல்ல. நாலு அறையிலும் கேட்டேன், நாலு பதில் சொன்னீங்க. ஒண்ணும் சரிப்படல. நான் ஒண்ணு சொன்னேன். அவ்வளவுதான்."

அவர் எவ்வளவு தெளிவாகச் சொன்னாரோ அவ்வளவுக்கு அது மேலேயிருந்து சொல்லிக்கொடுத்ததாகப் பட்டது. கையைப் பின்னால் கட்டுகிறவர்கள், "சொல்லச் சொல்லியிருக்காங்க" என்றார்கள். முன்னால் கட்டுகிறவர்கள், "நம்மள சோதிக்கறாங்க" என்றார்கள். நெடுநாளைக்குப் பிறகு இரு சாராரும் ஒன்றாகத் தலையாட்டியது அப்போதுதான். இல்லை என்று சொல்லச் சொல்லுமளவுக்கு ஒருவர் இருக்கிறார் என்றால் அவர் இருப்பதில் இனி என்ன சந்தேகம்?

மாடிக்காரர்களும் உத்தரவை நீக்கவில்லை. நீக்கினால் யாருடைய சொல்லை நீக்கியதாகும் என்று தெரியவில்லை. "மேலிட உத்தரவுப்படி, விரிப்பு சுருண்டால் ரோலரை நிறுத்தவும்" என்று பலகை எழுதி மாட்டினார்கள். பலகைச் செலவில் ஆளுக்கு ஒரு பங்கு கொடுத்தார்கள். மாப்பிள்ளை சார் புத்தகத்தில் ஐந்தாவதாக ஒரு காரணம் சேர்த்தார்.

வீட்டுக்கு இருவரும் ஒன்றாக நடந்தார்கள். தெரு திரும்பும்போது, "எதுக்கு அண்ணி அப்படி ஒரு பொய் சொன்னீங்க?" என்றாள் நாத்தனார்.

"எது பொய்?"

"நீங்கதான் சொன்னீங்கன்னு. ஜன்னலத் திறக்கச் சொல்லி எங்கண்ணன்கிட்ட வாயத் திறக்கவே உங்களுக்கு நாலு நாள் ஆகும். உங்களுக்கு ஏது அவ்வளவு தைரியம்?"

தந்தி சிரித்தாரா என்பது இருட்டத் தொடங்கியிருந்ததால் தெரியவில்லை என்று நாத்தனார் பிற்பாடு சொன்னாள்.

அவர் வேலை போகவில்லை. உண்மையைச் சொன்னதற்காக நீக்க வேண்டுமானால் முதலில் அதை உண்மையென்று நம்ப வேண்டும். மறுநாள் காலை வழக்கம்போல மாடியிலிருந்து நாலு அறைகளும் தந்தியைக் கூப்பிட்டன. அவர் படிக்கட்டுப் பக்கம் போகவில்லை. நேராக ரோலருக்குப் போய், கொக்கியில் தொங்கிய ரப்பர் ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டார். நாத்தனாரின் தோளைத் தொட்டு, அந்தப் பக்கம், காய்ந்த விரிப்பை வாங்குகிற பக்கம் போகச் சொன்னார். கொடுக்கிற பக்கம் தான் நின்றுகொண்டார். அன்று விரிப்பு சுருண்டபோது ரோலரை நிறுத்திவிட்டுத்தான் கை வைத்தார். படிக்கட்டு வேலைக்குப் பிழியும் எந்திரத்துப் பெண்ணைப் போட்டார்கள். அவளுக்கு மேலேயிருந்து உத்தரவுகள் தாராளமாக வந்தன.

தந்தி ஓய்வு பெறும்வரை அந்தப் பக்கம்தான் நின்றார். குற்ற உணர்ச்சி என்றார் மாப்பிள்ளை சார். மூத்தவருக்குப் பயந்துவிட்டார் என்றார் பாய்லர்காரர். மேல சொல்லியிருப்பாங்க என்று மற்றவர்கள் சொன்னார்கள். மாடிப்படி ஏறுகிற வேலையை விட்டுவிட்டு, சூட்டில் நிற்கிற வேலையை எதற்கு எடுத்துக்கொண்டாய் என்று கணவரும் ஒரு முறை கேட்டார். தந்தி அவர் தைத்துக்கொண்டிருந்த மெத்தையின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக் கொடுத்தார்.